கைப்பேசி வழியே மடிக்கணினிக்கு இணையம்

மாலை ஐந்து மணிக்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். தந்தையோ நாக்பூர் ரயில் நிலையத்தில், தாமதமாக வரும் வண்டிக்காகக் காத்திருக்கிறார். நிரப்ப வேண்டிய படிவமும் இணைக்க வேண்டிய சான்றிதழ்களும் மடிக்கணினியில் உள்ளன. கணக்கில் பணமும் இருக்கிறது. இணையம் மட்டும் இல்லை. திரையில் அருகிலுள்ள வை-ஃபை இணைப்புகளின் பட்டியல் தெரிகிறது. அவற்றுள் ஒன்று கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்து கிடக்கிறது. அதில் நுழைந்துவிடலாமா என்று அவர் தயங்குகிறார்.

இத்தகைய தருணம் நம்மில் பலருக்கும் வாய்த்திருக்கும். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் நாள் முழுவதும், விடுமுறை நாள்களிலும் இயங்கி வருகின்றன. வங்கிப் பணிக்கு இன்று நேர எல்லை இல்லை. இட எல்லையும் இல்லை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது, நிறுவனக் கணக்கிலிருந்து ஊதியத்தை அனுப்புவது போன்ற பணிகளுக்குச் சிறிய திரை போதுவதில்லை. மடிக்கணினியே வசதியாக இருக்கிறது. அதற்கு வேண்டிய இணையத்தை நம்மிடமுள்ள கைப்பேசியே தந்துவிடும். அதை எவ்வாறு பெறுவது, பெறும்போது எவற்றைக் கவனிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கைப்பேசி செய்யும் பணி

நம் நாட்டில் கைப்பேசியும் பொதுமக்களுக்கான இணையமும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிறந்தவை. 1995 ஜூலை 31 அன்று முதல் கைப்பேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து விடுக்கப்பட்டது. அதற்குப் பதினைந்தே நாள்களில், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பின்னாளில் ஜி.பி.ஆர்.எஸ். வசதி வந்தபோது, கைப்பேசியைக் கம்பியால் கணினியுடன் பொருத்தி, சிறப்பு எண் ஒன்றைச் சுழற்றி, ஒரு பக்கம் திறப்பதற்குப் பொறுமையுடன் காத்திருந்தவர்கள் பலர். இன்று அதே பணியைத் திரையில் ஒருமுறை தொட்டுச் செய்துவிடுகிறோம்.

இதன் செயல்முறை எளிது. கைப்பேசி ஒரு புறம் செல்பேசிக் கோபுரத்துடன் தொடர்பு கொள்கிறது. மறுபுறம் மடிக்கணினியுடன் தொடர்பு கொள்கிறது. கணினி கேட்பதைக் கோபுரத்துக்கு அனுப்பி, வரும் விடையைக் கணினிக்குத் திருப்பித் தருகிறது. வீட்டில் இருக்கும் வை-ஃபை ரவுட்டர் செய்யும் பணியும் இதுவே. இவ்வாறு இணையத்தைப் பகிர்வதை டெதரிங் என்பர். வை-ஃபை வழியாகப் பகிரும்போது அது ஹாட்ஸ்பாட் எனப்படுகிறது.

மூன்று வழிகள்

முதலாவது, வை-ஃபை ஹாட்ஸ்பாட். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸ் பகுதிக்குள் நெட்வொர்க் அல்லது கனெக்ஷன்ஸ் என்ற பிரிவில் ‘ஹாட்ஸ்பாட், டெதரிங்’ என்ற தலைப்பு இருக்கும். ஐபோனில் அது ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ என்று காணப்படும். மொபைல் டேட்டாவை இயக்கிவிட்டு ஹாட்ஸ்பாட்டையும் இயக்கினால், உங்கள் கைப்பேசியின் பெயர் மடிக்கணினியின் வை-ஃபை பட்டியலில் தோன்றும். அதைத் தேர்ந்து கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால் இணைப்புக் கிடைத்துவிடும். பெயர் தோன்றாவிடில், ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்து பாருங்கள். பழைய கணினிகள் சில 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் காண்பதில்லை. ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற தெரிவு இதே பணியைச் செய்யும்.

இரண்டாவது, யு.எஸ்.பி. கம்பி. கைப்பேசியைக் கம்பியால் கணினியுடன் இணைத்து ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்க வேண்டும். இதில் மூன்று நன்மைகள் உண்டு: இணைப்பு நிலையாக இருக்கும், கைப்பேசி கணினியிலிருந்து மின்னேற்றம் பெறும், அக்கம்பக்கத்தார் எவரும் உங்கள் இணைப்பைப் பட்டியலில் காண இயலாது. மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் மலிவான கம்பிகள் இதற்கு உதவா. தரவையும் கடத்தும் கம்பி தேவை. ஐபோனை விண்டோஸ் கணினியுடன் இவ்வாறு இணைக்க, ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, புளூடூத். இதில் வேகம் குறைவு. நொடிக்கு ஓரிரு மெகாபிட் அளவே எதிர்பார்க்கலாம். எனினும் வை-ஃபையைவிடக் குறைந்த மின்சக்தியே செலவாகும். கைப்பேசியில் மின்னேற்றம் குறைந்திருக்கும் வேளையில், ஒரு மின்னஞ்சலை மட்டும் அனுப்ப வேண்டுமெனில் இவ்வழி கைகொடுக்கும்.

வங்கிப் பணிக்கு எது ஏற்றது என்று கேட்டால், கம்பி கையிலிருக்கும்போது யு.எஸ்.பி. வழியையும், இல்லாதபோது கடவுச்சொல்லுடன் கூடிய ஹாட்ஸ்பாட்டையும் பரிந்துரைப்போம்.

பொது வை-ஃபையைவிட இது ஏன் மேல்?

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில் நிலைய வை-ஃபை சேவை நாடெங்கும் பரவியுள்ளது. செய்தி படிக்கவும் வண்டியின் நேரத்தை அறியவும் அது பெரிதும் பயன்படுகிறது. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. வை-ஃபை இணைப்புக்கு எவரும் எந்தப் பெயரையும் சூட்டலாம். நிலையத்தின் பெயரையோ விடுதியின் பெயரையோ தாங்கிய ஓர் இணைப்பு உண்மையில் அவர்களுடையதுதானா என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

வங்கியின் இணையப் பக்கத்துக்கும் உங்கள் கணினிக்கும் இடையே செல்லும் செய்திகள் குறியாக்கம் செய்யப்பட்டவை. ஆதலால் பொது இணைப்பிலும் அவற்றை இடையில் இருப்பவர் எளிதில் படித்துவிட முடியாது. ஆனால் போலி இணைப்பை அமைத்தவர், வங்கியின் பக்கத்தைப் போலத் தோற்றமளிக்கும் வேறொரு பக்கத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல முயலலாம். அவசரத்தில் இருப்பவர் முகவரியைக் கவனிப்பதில்லை. உலாவி காட்டும் எச்சரிக்கையையும் தள்ளிவிட்டு மேலே செல்கிறார். உங்கள் கைப்பேசியின் இணைப்பில் இந்த இடையாள் இல்லை.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். பாலம் உங்களுடையதுதான், அக்கரையில் நிற்பவர் யார் என்பதைப் பாலம் சொல்லாது. குறுஞ்செய்தியில் வந்த போலிச் சுட்டியைத் தொட்டால், சொந்த இணைப்பிலும் ஏமாற்றப்படலாம். வங்கிகளின் இணைய முகவரிகள் ‘பேங்க் டாட் இன்’ என முடியும் வகையில் 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அது எவ்வாறு முடிகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

கதவுக்குப் பூட்டு

ஹாட்ஸ்பாட்டை இயக்குவது வீட்டின் கதவைத் திறப்பதற்கு ஒப்பாகும். அதற்குப் பூட்டு இன்றியமையாதது. பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 2018-இல் அறிமுகமான டபிள்யு.பி.ஏ.3 இருப்பின் அதைத் தேர்க, இல்லையேல் டபிள்யு.பி.ஏ.2 போதும். ‘ஓப்பன்’ என்ற தெரிவை ஒருபோதும் ஏற்காதீர்கள். கடவுச்சொல்லில் குறைந்தது எட்டு எழுத்துகள் வேண்டும் என்பது விதி; பன்னிரண்டுக்கு மேல் இருப்பது நன்று. கைப்பேசி எண், பிறந்த நாள், பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்திடுக. இணையவழி வங்கிச் சேவைக்கு வைத்துள்ள கடவுச்சொல்லை இங்கும் வைப்பது பெரும் பிழை. ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை நண்பருக்குச் சொல்லும் நாள் என்றேனும் வரும். இணைப்பின் பெயரில் உங்கள் பெயர் இடம்பெற்றிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இதில் டேட்டா இழப்பைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று அடங்கியிருக்கிறது. உங்கள் சிம் அட்டை உங்கள் அடையாளச் சான்றின் பேரில் வழங்கப்பட்டது. உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த மற்றொருவர் இணையத்தில் தவறிழைத்தால், அது உங்கள் இணைப்பிலிருந்து நிகழ்ந்ததாகவே பதிவாகும். அறிமுகமற்ற பயணி ஒருவர் ‘ஐந்து நிமிடம் மட்டும்’ என்று கேட்டால், கனிவுடன் மறுப்பதில் தவறில்லை. எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்பதைக் கைப்பேசியே காட்டும். நீங்கள் அறியாத கருவி அதில் தென்பட்டால், ஹாட்ஸ்பாட்டை நிறுத்திக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

டேட்டா தீர்ந்துபோகாமல் இருக்க

கைப்பேசியின் டேட்டா அளவுக்கு உட்பட்டது என்பதை மடிக்கணினி பெரும்பாலும் அறியாது. வீட்டு வை-ஃபை கிடைத்துவிட்டதாக எண்ணி, இயங்குதளத்தின் புதுப்பிப்புகளைப் பதிவிறக்கத் தொடங்கும். ஒளிப்படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கும். இவ்வாறு 1.5 ஜி.பி. அன்றாட அளவு முழுவதும் உங்களுக்குத் தெரியாமலே கரைந்துவிடக்கூடும்.

அளவு தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் எனக் குறைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 2 எம்.பி. அளவுள்ள ஒரு பக்கம் திறக்க நான்கு நிமிடங்களுக்கு மேலாகும். அதற்குள் வங்கியின் பக்கம், பாதுகாப்புக் கருதி, உங்களை வெளியேற்றிவிடலாம்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. விண்டோஸ் கணினியில், இணைந்துள்ள வை-ஃபையின் பண்புகளுக்குள் சென்று ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை இயக்குங்கள். ஆப்பிள் கணினியில் ‘லோ டேட்டா மோட்’ என்பது அத்தகையது. பின்னணியில் நிகழும் பதிவிறக்கங்கள் இதனால் பெருமளவு குறையும். வெளிநாட்டில் இருக்கும்போது, ரோமிங் திட்டத்தின் கட்டணத்தை அறிந்துகொள்ளாமல் ஹாட்ஸ்பாட்டை இயக்க வேண்டாம்.

பணம் செலுத்தும் வேளையில்

ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருவதற்கு ஹாட்ஸ்பாட் தடையாக இராது. கணினி இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் அது வந்து சேரும். அழைப்புகளின் நிலை வேறு. வோல்ட்டி வசதி இல்லாத கைப்பேசியில் அழைப்பு வந்தால் இணைய வேகம் மிகவும் குறையலாம், அல்லது இணைப்பே அறுபடலாம். இரு சிம் உள்ள கைப்பேசிகள் பலவற்றில், ஒரு சிம்மில் பேசும்போது மற்றதன் டேட்டா நின்றுவிடும். ஆகவே, பணம் செலுத்தும் அந்த ஓரிரு நிமிடங்களில் அழைப்பை ஏற்காதிருப்பது நலம். மின்னேற்றம் போதுமான அளவு உள்ளதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் அதை விரைந்து குறைக்கும்.

இணைப்பு இடையில் அறுந்துவிட்டால் பதற்றத்தில் உடனே மறுமுறை பணம் செலுத்தாதீர்கள். முதலில் கணக்கு விவரத்தைப் பாருங்கள். பணம் கழிக்கப்பட்டிருந்தால், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு பெறுநரிடமோ உங்கள் கிளையிலோ விசாரியுங்கள்.

இணைப்பைச் சரிசெய்து தருவதாகக் கூறி எவரேனும் தொலைபேசியில் அழைத்து, உங்கள் திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எந்த வங்கி ஊழியரும் உங்கள் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. பணம் பறிபோனதாக அறிந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணித்துளிகளில் தரும் தகவலே பணத்தைத் தடுத்து நிறுத்த உதவும்.

பணி முடிந்தபின்

வங்கிப் பக்கத்திலிருந்து முறைப்படி வெளியேறுங்கள். அதன்பின் ஹாட்ஸ்பாட்டை நிறுத்துங்கள். பலரும் மறந்துவிடும் படி இதுதான். எவரும் இணையாதபோது தானாகவே நின்றுவிடும் வசதி சில கைப்பேசிகளில் உண்டு. அதை இயக்கி வைப்பது நன்று.

ரயில் நிலையத்தில் காத்திருக்கும் தந்தைக்குத் திரும்புவோம். திறந்து கிடக்கும் இணைப்பை விட்டுவிட்டுத் தம் கைப்பேசியைக் கம்பியால் கணினியுடன் இணைக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். படிவத்தை நிரப்பிக் கட்டணத்தைச் செலுத்தி, ரசீதைச் சேமித்துக்கொண்டு இணைப்பைத் துண்டிக்கச் சில நிமிடங்கள் ஆகும். இதை அவசர வேளையில் முதன்முறையாகச் செய்து பார்ப்பது கடினம். இன்று மாலை ஓய்வாக இருக்கும்போது, வீட்டிலேயே ஒருமுறை இணைத்துப் பாருங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், நிறுத்தியும் பாருங்கள். பயணத்தில் தேவை வரும்போது கை தானே அறியும்.