மோட்டார் சைக்கிள் தொண்டர்கள்

1949-இல் தோன்றிய டி. ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் செய்த வண்டிகள் தேசமெங்கும் ஓடின. அவ்வூர் வழியே ஆவடி செல்லும் நெடுஞ்சாலையிலோ, இன்று சைக்கிள்காரர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கியே உயிர் தப்ப வேண்டியிருக்கிறது.

இத்தகைய சாலைகளில் தர்ம நிதிக்காகச் சைக்கிள் யாத்திரை நடக்கும்போது காவலாய் வருகிறவர்கள் மோட்டார் சைக்கிள் தொண்டர்கள். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் போலீஸாருக்கே உரியது. தொண்டர் சந்திப்பில் முன்னதாக நின்று இரு தரப்பாரையும் எச்சரிக்கிறார். கூட்டம் கடந்ததும், அதை வலப்புறமாக ஜாக்கிரதையுடன் தாண்டி அடுத்த சந்திப்புக்கு முந்துகிறார். மற்றொருவர், களைத்துப்போன கடைசி ஆளின் பின்னாலேயே ஊர்ந்து வருகிறார்.

பறக்க வல்ல வண்டியை எளியவருக்காக மெல்லச் செலுத்துவதே இத்தொண்டின் சாரம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றை இதற்குத் தரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.