கடைக்கு ஒரு சொந்த சர்வர்

காலையில் கடை திறந்தது முதல் பதினொரு மணி வரை எங்கள் மளிகை மண்டியில் போன் ஓய்வதில்லை. "துவரம்பருப்பு இன்றைக்கு என்ன விலை?", "உளுந்து இறங்கியிருக்கிறதா?" என்று சில்லறைக் கடைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். அதே பதிலை நாற்பது பேருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். அதற்காகத்தான் விலையைப் பார்க்கவும், அங்கேயே ஆர்டர் எழுதவும் எங்களுக்கென்று ஒரு சர்வர் அமைத்தோம். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் செய்து கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு விளங்கியதைச் சங்க உறுப்பினர்களுக்கு எழுதுகிறேன்.

சர்வர் என்றதும் பெரிய இயந்திரம் என்று மலைக்க வேண்டாம். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் புரோகிராம், அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி 1995இல் பிரவுசருக்காகப் பிறந்தது. அதைச் சர்வரில் ஓட்டுவதற்கான நோட் ஜேஎஸ்ஸை 2009இல் ரயன் டால் வெளியிட்டார். அதன்மேல் ஏறி நிற்கும் எக்ஸ்பிரஸ் 2010இல் வந்தது. இரண்டும் இலவசம். பத்து வரிக்குள் ஒரு சர்வர் எழுந்து பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

நோட் வேலை செய்யும் விதம் நமக்கு எளிதில் பிடிபடும். கல்லாவில் ஒரே ஆள். ஒருவர் சீட்டைக் கிட்டங்கிக்கு அனுப்பிவிட்டு, சரக்கு வரும்வரை சும்மா நிற்காமல் அடுத்தவர் சீட்டை வாங்குகிறார். அதனால் கூட்டம் தேங்குவதில்லை. ஆனால் அவரே பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கைக் கூட்டத் தொடங்கினால் வரிசை முழுவதும் நிற்க வேண்டியதுதான். ஆகவே மாதக் கணக்கு போன்ற கனமான வேலையைத் தனிப் புரோகிராமாக்கி, இரவில் ஓடும்படி வைத்தோம்.

எந்த முகவரியைக் கேட்டால் எந்த வேலை நடக்க வேண்டும் என்று வகுத்துக்கொள்ள எக்ஸ்பிரஸ் உதவுகிறது. வரும் சீட்டு வரிசையாகச் சில கைகளைக் கடந்து போகவும் வழி செய்கிறது. முதல் கை சீட்டைப் படிக்கும். இரண்டாவது கை ஆள் நம் வாடிக்கைதானா என்று பார்க்கும். மூன்றாவது ஆர்டரைப் பதியும். இந்த இடைக் கைகளுக்கு மிடில்வேர் என்று பெயர். இதில் வரிசை முக்கியம். பதிந்த பிறகு ஆளை விசாரித்து என்ன பயன்?

மற்றபடி பேரேடு, பூட்டு, சரிபார்ப்பு எதையும் எக்ஸ்பிரஸ் தானாகச் செய்து தராது. இலகுவான பிரேம்வொர்க் என்பதன் பொருளே அதுதான். ஒத்திகையின்போதுதான் எனக்கு அது உறைத்தது.

முதலில் எழுதியபடி, சரக்கு, அளவு, விலை மூன்றும் வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்தே சர்வருக்கு வந்தன. சர்வர் அதை நம்பி பில் போட்டது. திறப்பதற்கு முதல் நாள் பையன் பிரவுசரில் ஏதோ தட்டி, மூட்டை ஒரு ரூபாய் என்று விலையை மாற்றி, ஐந்து மூட்டை பருப்பு கேட்டான். ஐந்து ரூபாய்க்குப் பில் வந்தது! எனக்கு வேர்த்துவிட்டது. "பிரவுசர் அவங்க கையில இருக்கு சித்தப்பா. அதுல இருக்கிறத அவங்க எப்படி வேணும்னாலும் மாத்தி அனுப்பலாம்" என்றான்.

யோசித்துப் பார்த்தால் நம் கடையிலும் அப்படித்தானே? வாடிக்கையாளர் கொண்டுவரும் சீட்டில் சாமானும் அளவும் இருக்கும். விலை போடுவது நாம். அதன்படியே மாற்றினோம். இப்போது சரக்கின் எண்ணும் அளவும் மட்டும் வருகின்றன. விலையைச் சர்வர் தன் பட்டியலிலிருந்து எடுக்கிறது. அத்தோடு தீரவில்லை. அளவில் "கழித்தல் இரண்டு மூட்டை" என்று எழுதினால் மொத்தத் தொகை குறைந்துவிடுமாம். இதை நான் கனவிலும் நினைத்திருக்க மாட்டேன். ஒன்றுக்குக் குறைந்த அளவு வந்தால் சர்வர் இப்போது திருப்பி அனுப்பிவிடும். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று மாறுவதால், ஆர்டர் விழுந்த நேரத்து விலையும் அதனுடன் சேர்ந்தே பதிவாகிறது.

ஆர்டரைப் புரோகிராமின் நினைவில் மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. எங்களுக்கு எஸ்க்யூலைட் போதுமாக இருக்கிறது. ஒரே கோப்பு, கடை அடைத்தபின் ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். புதிதாகத் தொடங்குவோர் 2024இல் வெளியான எக்ஸ்பிரஸ் ஐந்தாம் பதிப்பையே எடுப்பது நல்லது. டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் வேலையில் பிழை நேர்ந்தால், அதைப் பிழை கவனிக்கும் பகுதிக்கு அதுவே அனுப்பிவிடுகிறது. நான்காம் பதிப்பில் அதை நாமே எழுத வேண்டும். மறந்தால் சர்வரே நின்றுபோகலாம்.

முதல் மாதம் பழகிய பன்னிரண்டு கடைகளுக்கு மட்டும் திறந்திருக்கிறோம். வண்டியில் சரக்கு ஏற்றுமுன் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு ஆர்டருக்கும் போன் செய்து கேட்டுக்கொள்கிறார்.