காலணி அளவும் அரசுக் கொள்முதலும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாடநூல், நோட்டுப் புத்தகம், சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில், கணித உபகரணப் பெட்டி எனப் பல பொருள்கள் நம் பள்ளிகளுக்கு வந்து சேர்கின்றன. எண்ணிப் பார்த்து வாங்குகிறோம், இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறோம், மாணவர்களுக்கு வழங்குகிறோம். இந்தப் பொருள்கள் யாரால், எப்படி, எந்த விலைக்கு வாங்கப்பட்டன என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது தலைநகரில் நடக்கும் வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் பணியாற்றும் ஆசிரியர் நான். அரசுக் கொள்முதல் கணினி வழிக்கு மாறியது பற்றிப் படித்தபோதும், பள்ளியின் சிறு கொள்முதல்களில் பங்கேற்றபோதும் ஒன்று தெளிவாயிற்று. அரசு ஒரு பொருளை வாங்கும் நீண்ட பாதையின் முதல் அடியும் கடைசி அடியும் பள்ளியில்தான் இருக்கின்றன. எத்தனை வேண்டும், என்ன அளவில் வேண்டும் என்று முதலில் சொல்வது நாம். வந்தது சரிதானா என்று கடைசியில் பார்ப்பதும் நாம். நடுவில் உள்ளதைக் கணினி எவ்வளவு செம்மையாகச் செய்தாலும், இந்த இரண்டு அடிகளும் தவறினால் பயன் குழந்தைக்குச் சேராது.

துண்டுக்குள் பேரமும் மூடிய உறையும்

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கத்தைப் பலரும் பார்த்திருப்போம். விலை இருவருக்கு மட்டுமே தெரியும். அருகில் நிற்பவருக்குத் தெரியாது, பிறகும் தெரியப்போவதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறும்போது நிலைமை வேறு. தக்காளிக்கும் முருங்கைக்கும் கேட்கும் விலை எல்லோர் காதிலும் விழுகிறது.

அரசு வாங்கும் முறை இரண்டிலும் சேராது. ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், குறித்த நேரம் வரை யாருக்கும் தெரியாத மூடிய உறை. குறித்த நேரம் கடந்ததும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய திறந்த கடிதம். முன்னதாகவே விலை கசிந்தால் ஒருவர் மற்றவரைவிடப் பத்து ரூபாய் மட்டும் குறைத்துப் போட்டு வென்றுவிடுவார். பின்னாலும் மறைத்தே வைத்தால், வென்றவர் நியாயமாக வென்றாரா என்று யாராலும் கேட்க முடியாது. முதலில் இரகசியம், பிறகு வெளிப்படை என்ற இந்த வரிசையைக் காப்பதுதான் கொள்முதல் விதிகளின் முக்கிய நோக்கம்.

வாங்குவது தன் பணத்தில் அல்ல, மக்கள் பணத்தில் என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு. வீட்டுக்கு மின்விசிறி வாங்கும்போது தெரிந்த கடை என்று போய்விடலாம். அரசு அப்படிச் செய்ய முடியாது.

பெட்டியிலிருந்து இணையதளத்துக்கு

தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச்சட்டம் உண்டு. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதற்கான 2000-ஆம் ஆண்டு விதிகளும் அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் கொள்முதலை நெறிப்படுத்துகின்றன. மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழ்கள் வெளியிட வேண்டும், விண்ணப்பிக்கப் போதிய நாள்கள் தர வேண்டும், மதிப்பிடும் அளவுகோலை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பவை அவற்றின் அடிப்படை. இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிகளுக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள் அவகாசம் என்று விதிகள் கூறுகின்றன. அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

சட்டம் சரியாக இருந்தாலும் காகித முறையில் சில ஓட்டைகள் இருந்தன. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை அலுவலகத்துக்கு நேரில் சென்று வாங்க வேண்டும். நிரப்பி அங்குள்ள பெட்டியில் நேரில் போட வேண்டும். யார் யார் படிவம் வாங்கினார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும். அவர்களுக்குள் கூட்டுச் சேர்வது எளிது. பெட்டிக்கு அருகே ஆள்களை நிறுத்திப் புதியவர்களைத் தடுப்பதும் நாட்டின் பல பகுதிகளில் நடந்திருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2003-இல் மின் கொள்முதலுக்கு மாறியதற்கு இத்தகைய கூட்டணிகளை உடைப்பதும் ஒரு காரணம். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தால் பெட்டியை யார் மறிக்க முடியும்?

அதற்கு முந்தைய ஆண்டே, 2002-இல், தென்கொரியா தன் அரசு அலுவலகங்களின் கொள்முதல் முழுவதற்கும் கோனெப்ஸ் என்ற ஒரே இணைய வாயிலைத் திறந்திருந்தது. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளைப் பல மாநிலங்கள் இன்று பயன்படுத்துகின்றன. தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளமும் அதில்தான் இயங்குகிறது. நாற்காலி, கணினி, காகிதம் போன்ற பொதுப் பொருள்களைக் கடையில் தேர்ந்தெடுப்பதுபோல் வாங்க, ஜெம் எனப்படும் அரசு மின் சந்தையை மத்திய அரசு 2016-இல் தொடங்கியது. அதுவரை மத்திய அரசுக்கான கொள்முதலைக் கவனித்துவந்த பழைய தலைமை இயக்குநரகம் 2017-இல் மூடப்பட்டது.

திரைக்குப் பின்னால் நடப்பது

மின் கொள்முதலில் ஒரு விற்பனையாளர் செய்வதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதலில் இணையதளத்தில் பதிவு செய்கிறார். டிஜிட்டல் கையொப்பம் பெறுகிறார். இது காகிதத்தில் போடும் கையெழுத்துக்கு ஈடானது. இந்த விண்ணப்பத்தை இன்னார்தான் அனுப்பினார், அனுப்பிய பின் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பிறகு இரண்டு உறைகளைத் தயாரிக்கிறார். முதலாவது தொழில்நுட்ப உறை. தன் தகுதி, அனுபவம், பொருளின் தரம் ஆகியவை இதில் இருக்கும். இரண்டாவது விலை உறை. கணினி இவற்றைப் பூட்டிவிடுகிறது. பூட்டைத் திறக்கும் சாவி, திறப்பதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலர்களிடம் மட்டுமே உண்டு. தனியொருவர் திறக்க முடியாது. குறைந்தது இருவர் சேர வேண்டும், அதுவும் குறித்த நேரம் வந்த பிறகு. எது குறித்த நேரம் என்பதை முடிவு செய்வது அலுவலகச் சுவரில் தொங்கும் கடிகாரம் அல்ல, இணையதளத்தின் கடிகாரம். கடைசி நேரம் தாண்டி ஒரு நொடி ஆனாலும் விண்ணப்பம் ஏறாது.

தொழில்நுட்ப உறையில் தேறியவர்களின் விலை உறை மட்டும் பின்னர் திறக்கப்படும். விலை ஒப்பீட்டுப் பட்டியலைக் கணினியே தயாரிக்கும். யார் எப்போது உள்ளே வந்தார், எதைத் திறந்தார் என்பது தடயமாகப் பதிவாகும். பின்னாளில் தணிக்கைக்கு இதுவே ஆதாரம்.

கணினிக்குத் தெரியாதவை

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் கணினிக்கு ஓர் எல்லை உண்டு. நாம் சொன்னதை மட்டுமே அது அறியும்.

காலணியை எடுத்துக்கொள்வோம். எமிஸ் என்று நாம் அழைக்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் மாணவர்களின் காலணி அளவைப் பதிகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நேரம் போதவில்லை என்று, வகுப்புக்கு ஓர் அளவு என ஒரே எண்ணை எல்லோருக்கும் நிரப்பிவிட்டார்கள். காலணி வந்தபோது ஐந்தாம் வகுப்பில் பலருக்குக் கால் நுழையவில்லை. சிலருக்குக் கழன்று விழுந்தது. டெண்டரில் குறையில்லை, விலையில் குறையில்லை, வந்த எண்ணிக்கையிலும் குறையில்லை. கணக்கெல்லாம் நேராக இருக்க, அந்தப் பிள்ளைகள் பழைய செருப்போடும் வெறுங்காலோடும் வந்தார்கள்.

இரண்டாவது எல்லை விவரக்குறிப்பு. குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்பது பொதுவிதி. இந்த விதி நல்ல பலன் தருவதும் தராததும் நாம் எழுதும் விவரக்குறிப்பைப் பொறுத்தது. ‘நல்ல தரமான பீரோ’ என்று எழுதினால், மெல்லிய தகட்டில் செய்த பீரோதான் குறைந்த விலைக்கு வரும். அதைத் தவறென்று சொல்ல நமக்கு வழியில்லை. உயரம், அகலம், தகட்டின் கனம், அடுக்குகளின் எண்ணிக்கை, பூட்டின் வகை, உத்தரவாதக் காலம் என்று அளந்து எழுதினால் எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை சொல்வார்கள். அப்போதுதான் ஒப்பிடுவதில் பொருள் இருக்கும்.

மூன்றாவது, கூட்டுச் சேர்தல். மின் கொள்முதல் அதைக் கடினமாக்குகிறது, முற்றாக ஒழிப்பதில்லை. தொலைபேசியில் பேசி வைத்துக்கொண்டு விலை போடுவோரைக் கணினி தடுக்காது. ஆனால் தகவல் திறந்திருந்தால், ஒரே சிலரே மாறி மாறி வெல்வதை வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியும். உக்ரைன் நாடு 2016-இல் புரோசோரோ என்ற கொள்முதல் முறையைக் கட்டாயமாக்கியபோது, கொள்முதல் தகவல்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. அதைப் பார்த்துக் கேள்வி கேட்க மக்களுக்குத் தனித் தளமும் உருவானது.

நான்காவது, சிறிய விற்பனையாளர்கள். உள்ளூர்த் தச்சரிடமும் பெண்கள் குழுவிடமும் டிஜிட்டல் கையொப்பமோ நல்ல இணைய இணைப்போ இருப்பதில்லை. நம் ஒன்றியத்தில் ஆடலூர், பன்றிமலை போன்ற மலைக்கிராமங்களும் உள்ளன. முறை நவீனமாகும்போது இவர்களுக்குப் பயிற்சியும் உதவியும் கிடைக்காவிட்டால், போட்டி பெருகுவதற்குப் பதிலாகச் சுருங்கிவிடும்.

பள்ளி அளவில் நம் கொள்முதல்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளி மானியம் ஒதுக்கப்படுகிறது. திட்ட விதிமுறைப்படி 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு இலட்சம் ரூபாய். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிகளுக்கு. பி.எஃப்.எம்.எஸ். எனும் பொது நிதி மேலாண்மை முறைமை வழியாகத் தொகை விற்பனையாளரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. பணத்தைக் கையில் எடுத்து அலைய வேண்டியதில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது பதிவாகிறது.

இங்கும் நம் பங்கு முக்கியம். பணி அனுபவத்தில் பயன் தந்த நான்கு நடைமுறைகளைப் பகிர்கிறேன்.

முதலாவது, வாங்கும் முன் பள்ளி மேலாண்மைக் குழுவில் தேவைப் பட்டியலைப் படிப்பது. கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். சந்தையில் அன்றாடம் பேரம் பேசும் அவர்களுக்குப் பொருளின் விலையும் தரமும் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, விலைப்புள்ளி கேட்கும்போது எல்லாக் கடைகளுக்கும் ஒரே விவரக்குறிப்பை எழுத்தில் தருவது. ஒரே கையெழுத்தில் வந்த மூன்று விலைப்புள்ளிகள் உண்மையில் ஒன்றுக்குச் சமம்.

மூன்றாவது, பொருள் வந்ததும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் விவரக்குறிப்பைக் கையில் வைத்துச் சரிபார்ப்பது. மாறுபாடு இருந்தால் பதிவேட்டில் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கையொப்பமிட்ட பின் நம் சொல்லுக்கு வலு குறைந்துவிடும்.

நான்காவது, வாங்கிய பொருளையும் விலையையும் அறிவிப்புப் பலகையில் எழுதுவது. கேட்டபின் சொல்வதைவிடக் கேட்கும் முன் சொல்வது எளிது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

உயர்தொடக்க, உயர்நிலை வகுப்புகளில் கணிதத்தையும் சமூக அறிவியலையும் இணைத்து இதை ஒரு பாடவேளையில் நடத்தலாம். கற்பனையாக மூன்று கடைகளின் விலைப்புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். மின்விசிறி ஒன்றுக்கு முதல் கடை 1,850 ரூபாய், பொருத்துகூலி 200 தனி, ஓராண்டு உத்தரவாதம். இரண்டாம் கடை எல்லாம் சேர்த்து 2,100, ஈராண்டு உத்தரவாதம். மூன்றாம் கடை 1,700, வண்டிக்கூலி 250, பொருத்துகூலி 200 தனி, ஓராண்டு உத்தரவாதம்.

எது மலிவு என்று கேட்டால் பலர் மூன்றாவதைச் சொல்வார்கள். கூட்டிப் பார்த்தால் முதலாவது 2,050, இரண்டாவது 2,100, மூன்றாவது 2,150. மலிவாகத் தெரிந்ததே அதிக விலை. அடுத்து, ‘ஈராண்டு உத்தரவாதம் கட்டாயம் என்று முன்பே அறிவித்திருந்தால் யார் தேறுவார்?’ என்று கேளுங்கள். ‘அறிவிக்காமல் இருந்துவிட்டு, விலையைப் பார்த்த பின் அந்த நிபந்தனையைச் சேர்த்தால் நியாயமா?’ என்றும் கேளுங்கள். விதிகள் ஏன் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும் என்பதை மாணவர்களே விளக்குவார்கள். பிறகு தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தைப் பள்ளிக் கணினியில் திறந்து, நம் மாவட்டத்துக்கான அறிவிப்பு ஒன்றைச் சேர்ந்து படிக்கலாம். நடப்பு அறிவிப்புகளைப் பார்க்கப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ வேண்டாம்.

அடுத்த முறை காலணி அளவைப் பதியச் சொல்லி அறிவிப்பு வரும்போது, ஒரு வெள்ளைத் தாளும் அளவுகோலும் போதும். தாளில் பாதத்தை வைத்துக் குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் கோடிட்டு அளந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் ஆகும். பெரிய வகுப்பு மாணவர்களே இதைச் செய்து தருவார்கள், அளவியல் பாடமும் நடந்ததாகும். இணையதளத்தில் நாம் ஏற்றும் அந்த எண்தான் ஒப்பந்தப்புள்ளியாகி, தொழிற்சாலைக்குப் போய், லாரியில் ஏறி, மீண்டும் அதே குழந்தையின் காலடிக்கு வருகிறது.