மின்சாரக் கார் வந்தாச்சு... வீட்டு போர்டு தாங்குமா?



"தம்பி, நீ ட்ரிப்பிள் ஈ தானே படிக்கிற? எலக்ட்ரிக் கார் வாங்கப் போறோம். போர்ட்டிகோவுல இருக்குற 15 ஆம்பியர் ப்ளக்குலயே சார்ஜ் போடலாமா?"

இந்தக் கேள்வி இன்றோ நாளையோ நம்மைத் தேடி வரத்தான் போகிறது. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தப்ப முடியாது. டிப்ளமோ என்றாலே ஊரில் ஃபேன் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்கள் ஆயிற்றே! "ஓ, தாராளமா போடலாமே" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தால், அந்த வீட்டார் நம் பேச்சை நம்பித்தான் இரவு தூங்கப் போவார்கள். எனவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்த்துவிடுவோம்.

கீசருக்கும் காருக்கும் என்ன வித்தியாசம்?

2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் ஆஃப் செய்துவிடும். கார் அப்படியல்ல. 30 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட் சார்ஜரில் நிரப்ப 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் 14 ஆம்பியருக்கு மேல் இடைவிடாமல் ஓடும். பழைய வீட்டு வயரிங் இப்படி ஒரு லோடைப் பார்த்ததே இல்லை.

சாக்கெட்டில் ஒரு ஸ்க்ரூ லூசாகி, 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள்: 14 × 14 × 0.1 = சுமார் 20 வாட். நம் லேபில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதை ப்ளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்து ராத்திரி முழுக்க ஆன் செய்தால் என்ன ஆகும்?

எம்.சி.பி. ட்ரிப் ஆகாதா? ஆகாது. அதன் வழியே ஓடுவது அதே 14 ஆம்பியர்தானே! எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, லூஸ் கனெக்ஷன் அதன் கண்ணுக்குத் தெரியாது. இதை மட்டும் மறக்கவே கூடாது.

என்னென்ன வழிகள் உண்டு?

ஒரு சின்ன கணக்கு. மணிக்கணக்கில் ஓடும் லோடு என்றால், ஆம்பியரை 1.25 ஆல் பெருக்கி, அதற்கு அடுத்த சைஸ் பிரேக்கரை எடுப்பது நல்ல பழக்கம்.

1. ஸ்கூட்டர்: பெரும்பாலான வீட்டு சார்ஜர்கள் 1 கிலோவாட்டுக்குள் அடங்கும், 4 ஆம்பியர் அளவுதான். எர்த் சரியாக உள்ள, இறுக்கமான சாக்கெட்டே போதும்.

2. கார், 3.3 கிலோவாட்: 14.3 × 1.25 = சுமார் 18. எனவே டி.பி.யிலிருந்து தனி லைன், 20 ஆம்பியர் எம்.சி.பி., 4 சதுர மி.மீ. காப்பர் வயர். சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டால் இன்னும் நல்லது.

3. கார், 7.2 கிலோவாட் வால்பாக்ஸ்: 31.3 × 1.25 = சுமார் 39. எனவே 40 ஆம்பியர் பிரேக்கர். வயர் 6 சதுர மி.மீ.; தூரம் அதிகமானால் 10.

4. த்ரீ ஃபேஸ், 11 கிலோவாட்: ஃபேஸுக்கு 16 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் 4 போல் பிரேக்கர் போதும். ஆனால் காருக்குள் இருக்கும் சார்ஜரும் த்ரீ ஃபேஸாக இருந்தால்தான் பலன் உண்டு.

"எதுக்கும் இருக்கட்டும்னு பெரிய எம்.சி.பி.யா போட்ருங்க" என்பார்கள். கூடவே கூடாது! 16 ஆம்பியர் எம்.சி.பி. 23.2 ஆம்பியர் ஓடினாலே ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆகியாக வேண்டும் என்பது தர விதி. பழைய வயரில் 40 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டினால் அது சும்மா இருக்கும்; வயர் உருகும். பீங்கான் ஃப்யூஸ் கேரியரில் தடித்த கம்பி கட்டுவதும் இதே கதைதான்.

ஆளைக் காப்பாற்றுவது எது?

ஃபேஸ் வயர் காரின் பாடியில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் 230 ÷ 5 = 46 ஆம்பியர்தான் ஓடும். 40 ஆம்பியர் 'சி' கர்வ் எம்.சி.பி. உடனே ட்ரிப் ஆக 200 முதல் 400 ஆம்பியர் வரை வேண்டும்! ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்.

அதிலும் ரகம் உண்டு. காருக்குள் ரெக்டிஃபையர் இருப்பதால், பழுது வந்தால் டி.சி. லீக்கேஜும் வரலாம். அந்த டி.சி., ஆர்.சி.சி.பி.யின் கோரை சாச்சுரேட் செய்து அதைக் குருடாக்கிவிடும். 'ஏ.சி.' டைப் இதற்கு உதவாது. வால்பாக்ஸுக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. சென்சார் இருந்தால் 'ஏ' டைப் போதும். இல்லையென்றால் விலை கூடுதலான 'பி' டைப்தான்.

எர்த்தில் ஏமாற்று வேலை வேண்டாம்

பல கார் சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்றாமல் அடம் பிடிக்கும். உடனே சிலர் சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து லூப் அடித்துவிடுவார்கள். சார்ஜரும் ஏமாந்து வேலை செய்யும். ஆனால் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் பாடியில் ஃபேஸ் வந்து நிற்கும். காலையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கப் போகிறவர் கதி? சார்ஜர் அடம் பிடித்தால் அது நமக்குச் செய்யும் நன்மை. எர்த் குழியைச் சரி செய்வதுதான் வைத்தியம்.

மெயின் தாங்குமா?

7.2 கிலோவாட் சார்ஜர் 31, ஏ.சி. 7, கீசர் 9. மொத்தம் 47 ஆம்பியர். 40 ஆம்பியர் மெயினில் இதற்கு இடமில்லை. சாங்ஷன் லோடை மின்வாரியத்தில் உயர்த்த வேண்டும். அல்லது மெயினில் சி.டி. வைத்து, வீட்டு லோடு ஏறும்போது தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும் வால்பாக்ஸை வாங்க வேண்டும். தினம் 40 கி.மீ. ஓட்டுகிறவருக்கு 3.3 கிலோவாட்டே தாராளம். சார்ஜிங் லைனை இன்வர்ட்டர் பக்கம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!

ஆக, அந்த அண்ணனுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "தனி லைன், சரியான பிரேக்கர், ஆர்.சி.சி.பி., உண்மையான எர்த். இந்த நாலும் போட்டுட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு கார் எடுங்கண்ணே. முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டதும் ஆஃப் பண்ணிட்டு, ப்ளக்கைத் தொட்டுப் பாருங்க. கை சுட்டா, திரும்ப ஆன் பண்ணாதீங்க."