உங்களுக்குத் தெரியுமா? மூட்டில் போட்ட ஊசி ரத்தத்தில் சிக்கும்!

கம்பம் பள்ளத்தாக்கில் தேன்சிட்டு, தட்டான்சிட்டு, கரிச்சான், பெரிய மாடு என்று மாடுகளைத் தரம் பிரித்து மாட்டுவண்டிப் பந்தயம் விடுவார்கள். பந்தயக் குதிரைக்கோ தரம் பிரிப்பதோடு முடியாது. ரத்தமும் சிறுநீரும் மருந்துப் பரிசோதனைக்குப் போகும்.

ஓடி ஓடி மூட்டு வீங்கிய குதிரைக்கு மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கமான வைத்தியம்தான். சிக்கல், அந்த மருந்து எத்தனை நாள் தங்கும் என்பதில். டிரையம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசிகள் இரண்டும் பால்போல் வெளுத்த கலவை. அதிலுள்ள நுண்துகள்கள் மூட்டுநீரில் மெல்லக் கரைந்து, கசிந்து ரத்தத்தில் சேரும். டிரையம்சினோலோனைவிட மெத்தில்பிரெட்னிசோலோன் அதிக நாள் பிடிபடும். ரத்தம் சுத்தமான பிறகும் மூட்டுநீரில் மிச்சம் இருக்கும். அளவு, எந்த மூட்டு, எத்தனை மூட்டு என்பதைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். டிரையம்சினோலோனைத் தசையில் போட்டாலோ, இன்னும் இழுக்கும்.

அதனால்தான் அமெரிக்காவில் பந்தயத்துக்கு முந்தைய 14 நாட்களில் மூட்டு ஊசிக்கே தடை. வலி மரத்த காலோடு ஓடினால் எலும்பு முறியலாம். கூடவே ஜாக்கியும் விழுவார். நியாயமான தடை!

அமெரிக்காவின் 2021 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் முதலில் வந்த ‘மெடினா ஸ்பிரிட்’ குதிரையின் ரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிக்கோகிராம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. பிக்கோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மூட்டு ஊசி இல்லை, தோல் களிம்பில் இருந்த மருந்து என்று பயிற்சியாளர் தரப்பு வாதாடியது. எடுபடவில்லை, 2022 பிப்ரவரியில் பட்டம் ‘மாண்டலூன்’ குதிரைக்குப் போனது.