தண்டவாளம் பழையது, பெயர் புதியது

ரோலர் கோஸ்டர் என்றால் என்னவென்று இன்று தெரியாதவர் இல்லை. ஆனால் மேலே ஏறி, தலைகீழாகச் சுழன்று, வயிற்றைக் கலக்கிக் கீழே இறங்கும் அந்த வண்டியில் எங்கள் வகுப்பில் ஒருவர்கூட ஏறியதில்லை. படத்தில் பார்த்ததோடு சரி. ஆயினும் அதைக் குறித்து நூலக வகுப்பில் ஒரு நாள் பெரிய வாக்குவாதமே எழுந்துவிட்டது. பாரிஸ் நகருக்கு அருகே உள்ள டிஸ்னி பூங்காவில், ஜூல்ஸ் வெர்னின் நாவலை வைத்தே கட்டப்பட்ட ஒரு ரோலர் கோஸ்டருக்கு அவருடைய கதையை நீக்கிவிட்டு வேறு கதையும் வேறு பெயரும் சூட்டிவிட்டார்கள் என்று ஒரு தோழி படித்துச் சொன்னாள். வெர்னின் ரசிகைகளாகிய எங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வந்தது. மற்றப் பாதிப் பேரோ, "அவர்கள் வண்டி, அவர்கள் பெயர், நமக்கென்ன?" என்றனர். சிஸ்டர் மேசையைத் தட்டி, "சண்டை போடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்" என்றார். தேடினோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

அந்தப் பூங்கா 1992 ஏப்ரல் மாதம் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கேளிக்கை நம் மண்ணில் எதற்கு என்று பிரெஞ்சு அறிஞர் பலர் முகம் சுளித்தனர். எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. அந்த நிலையில்தான் 1995 ஜூன் 1 அன்று 'ஸ்பேஸ் மவுண்டன்' அங்கே திறக்கப்பட்டது. அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்களில் இதே பெயரில் முன்னரே வண்டிகள் உண்டு. ஆனால் பாரிஸில் மட்டும் 'பூமியிலிருந்து சந்திரனுக்கு' என்ற துணைப்பெயரும் சேர்ந்தது. அது 1865-ல் வெளிவந்த வெர்னின் நாவலின் பெயர். அமெரிக்காவில் ஒரு பீரங்கிச் சங்கத்தார் புளோரிடாவில் மாபெரும் பீரங்கி ஒன்றை வார்த்து, குண்டுக்குள்ளே மூன்று மனிதரை வைத்துச் சந்திரனை நோக்கிச் சுடுவதே கதை. (1969-ல் அப்பல்லோ 11 விண்கலமும் மூன்று பேருடன், அதே புளோரிடாவிலிருந்துதான் கிளம்பியது. வெர்னை நாங்கள் சும்மா கொண்டாடவில்லை!)

பூங்காவார் என்ன செய்தார்கள் தெரியுமா? குவிமாடத்தின் வெளிப்புறத்தில், சாய்வாக, ஒரு பெரிய பீரங்கியையே நிறுத்தினார்கள். நாவலில் உள்ளபடியே அதற்குக் கொலம்பியாட் என்று பெயர். வண்டி அந்தக் குழலுக்குள்ளே மேல்நோக்கி எய்யப்பட்டு, இருண்ட மாடத்துக்குள் பாய்ந்து, மூன்று முறை தலைகீழாகும். அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல வண்டியும் கதையும் பொருந்தின. அந்த 1995 நிதியாண்டில்தான் பூங்கா முதன்முதலாக லாபம் கண்டது. கடன் கொடுத்தவர்கள் வட்டியில் காட்டிய சலுகையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவு பொருத்தமானதை ஏன் மாற்ற வேண்டும்? பத்து ஆண்டுகளில் புதுமை தேய்ந்துவிட்டது. ஒரு முறை சந்திரனுக்குப் போய் வந்தவரை மறுபடியும் சீட்டு வாங்கச் செய்ய வேண்டுமே! 2005-ல் அது 'மிஷன் 2' ஆயிற்று. பயணம் சந்திரனைத் தாண்டி அண்டத்தின் விளிம்பு வரை நீண்டது. இதற்கிடையே 2012-ல் டிஸ்னி நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் கம்பெனியைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கதையைச் சும்மா வைத்திருப்பார்களா? 2017 மே மாதம் அதே வண்டி 'ஸ்டார் வார்ஸ் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன்' ஆகிவிட்டது.

புதிதாக ஒன்றைக் கட்டலாமே என்று நாங்களும் கேட்டோம். இதற்கு விடை எங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருந்தது. ஓடும் வண்டியில் எஞ்சின் கிடையாது. உயரத்தில் சேர்த்த நிலை ஆற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதை வைத்துத்தான் அடுத்த மேட்டையும் அடுத்த வளைவையும் கடக்க வேண்டும். ஆகவே ஒரு வளைவை மாற்றினால் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் மறுபடியும் கணக்கிட வேண்டும். அஸ்திவாரம், எஃகுத் தூண்கள், மாதக்கணக்கில் சோதனை என்று செலவு மலையாய்க் குவியும். இருட்டு மாடத்திலோ ஏறியவர் காண்பது விளக்கையும் திரையையும்தான். கேட்பது காதருகே உள்ள ஒலிபெருக்கியைத்தான். இவற்றை மாற்றினால் போதும். உடம்புக்குக் கிடைக்கும் உலுக்கல் அதேதான், மனம் மட்டும் வேறு ஊருக்குப் போய்விடுகிறது. நம் ஊர்ப் பொருட்காட்சியில் ஆடும் கப்பலைக் 'கொலம்பஸ்' என்கிறோம். அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் பெரிய ஊஞ்சல்தானே?

சில சமயம் விருப்பம் இருந்தாலும் பழைய பெயரை வைத்துக்கொள்ள முடிவதில்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிங்ஸ் ஐலண்ட் பூங்கா முன்பு பாரமவுண்ட் பெயரில் நடந்தது. 1993-ல் அங்கே தங்கள் படமான 'டாப் கன்' பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர் வைத்தார்கள். 2006-ல் செடார் ஃபேர் என்னும் கம்பெனி, பாரமவுண்ட் பூங்காக்களை எல்லாம் 124 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கியது. பூங்கா கைமாறிற்று, ஆனால் படங்களின் பெயர்கள் கைமாறவில்லை. அவற்றை வைத்துக்கொள்ளக் கட்டணம் தர வேண்டும். வீட்டை விற்றவர் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனதைப் போல, 2008-ல் 'டாப் கன்' போய் 'ஃபிளைட் டெக்' வந்தது.

இதில் எங்களை உருக்கியது அடுத்து நடந்ததுதான். அதே பூங்காவில் 1981-ல் 'தி பேட்', அதாவது வௌவால் என்று ஒரு வண்டி இருந்தது. தண்டவாளத்துக்கு மேலே ஓடாமல் அடியில் தொங்கியபடி ஓடும் வகை அது. அடிக்கடி பழுதாகி, 1983-ஓடு நின்றுபோயிற்று. ஆனால் அதில் ஏறிய பிள்ளைகள் பெரியவர்களான பின்னும் அதை மறக்கவில்லை. 'ஃபிளைட் டெக்' வண்டியும் தொங்கும் வகைதான். 2014-ல் அதற்கு வேறு வர்ணம் பூசி, 'தி பேட்' என்று அந்தப் பழைய பெயரையே வைத்துவிட்டார்கள்!

இனி வெட்கத்தால் மாறிய ஒன்று. இது ரோலர் கோஸ்டர் அன்று, மரக்கட்டைப் படகில் நீரோடு சரிந்து இறங்குவது. 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்ற அது, 1946-ல் டிஸ்னி எடுத்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தைத் தழுவியது. கறுப்பின மக்கள் தோட்ட முதலாளிகளிடம் பட்ட துன்பத்தை இனிமையானதுபோல் அப்படம் காட்டியது என்ற கண்டனம் அது வெளிவந்த நாளிலேயே எழுந்தது. 2020-ல் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2024-ல் அமெரிக்காவின் இரண்டு டிஸ்னி பூங்காக்களிலும் டியானா என்னும் கறுப்பின இளவரசியின் பெயரில் அது மறுபடி திறக்கப்பட்டது. பழைய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் பலர் வருந்தினர். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனாலும் இந்த ஒன்றில் மட்டும் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி இல்லை.

பாரிஸ் விஷயத்தில் இன்னும் இரண்டு கட்சிதான். கதை போனாலும் பீரங்கியை அவர்களால் எடுக்க முடியவில்லை. மாடத்தின் மேல் சாய்ந்தபடியே நிற்கிறது. விண்மீன் போருக்குப் போகிறவர்களை எதற்குப் பீரங்கியில் வைத்துச் சுட வேண்டும் என்று அங்கே ஏதாவது ஒரு குழந்தை தன் அப்பாவைக் கேட்காமலா இருக்கும்? அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை.

எங்கள் நூலகத்தில் அந்த நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான், அதுவும் அட்டை கிழிந்தது. சண்டைக்குப் பிறகு அதற்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்போர் பதினொரு பேர். "நமக்கென்ன" என்று சொன்ன கட்சியினர் அதில் நால்வர்.