மாதிரி விமானமும் மன்னார்க் காற்றும்

வானொலி அலை குரலையும் இசையையும் மட்டும் சுமந்து வருவதன்று. கட்டளையையும் சுமந்து செல்ல வல்லது. 1898ஆம் ஆண்டில் நிக்கொலா தெஸ்லா என்னும் அறிஞர் நியூயோர்க் நகரிலே ஒரு சிறு படகினைக் கம்பித் தொடர்பு எதுவுமின்றி வானொலி அலையாலேயே இயக்கிக் காட்டினார். 1937ஆம் ஆண்டில் வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டைச் சகோதரர் தாம் கட்டிய மாதிரி விமானமொன்றை அதே முறையிற் பறக்கவிட்டனர். அன்று அரிய கலையாயிருந்தது இன்று ஒரு பெட்டிக்குள் அடங்கிக் கடைக்கு வந்துவிட்டது. நுரைப்பொருளாலாகிய உடல், மின்மோட்டார், பற்றரி, கையிற் பிடிக்கும் இயக்குகருவி ஆகிய இவை சேர்ந்தால் விமானம் ஆயத்தம். ஆயினும், அதனை வாங்கிய நாளிலேயே பறக்கவிட முயல்வோர் பலர் அன்றே உடைத்துக்கொண்டும் திரும்புகின்றனர். பெரும்பாலும் இதற்குக் காரணம் பொறியின் பழுதன்று. காற்றைப் பற்றிய பிழையான எண்ணமே.

காற்றின் தன்மையை அறிவதற்கு மன்னார்த் தீவு தகுந்த பள்ளிக்கூடம். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கும் இத்தீவு ஒடுக்கமானது. வடபுறம் பாக்கு விரிகுடா. தென்புறம் மன்னார்க் குடா. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகின்றது. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகின்றது. இவ்விரு காற்றுகளும் தீவை நீளவாட்டிற் கடவாது குறுக்காகவே கடந்து செல்கின்றன. இங்கு வீசும் காற்றின் வலிமைக்குத் தென்கரையோரத்தில் நிற்கும் 30 காற்றாலைகளே சான்று. தம்பபவனி எனப் பெயர் பெற்ற அம்மின்னிலையம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 100 மெகாவாற்றுக்குச் சற்று அதிகம். இத்தகைய காற்றிலே மாதிரி விமானத்தைப் பறக்கவிடுவோர் செய்யும் பிழைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது பிழை, விமானத்தைப் பட்டமென எண்ணுவது. வடபகுதிச் சிறுவர் தை மாதத்து வாடையிலே பட்டம் ஏற்றிப் பழகியவர்கள். காற்று எவ்வளவு வலிதோ அவ்வளவு நன்றாகப் பட்டம் ஏறும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்த உண்மை விமானத்துக்குப் பொருந்தாது. பட்டத்தை முச்சையிற் கட்டிய நூல் நிலத்தோடு பிணைத்து நிறுத்துகின்றது. பட்டம் நிற்க, காற்று அதனைக் கடந்து ஓடுகின்றது. அவ்வோட்டமே பட்டத்தைத் தாங்குகின்றது. விமானத்துக்கோ நூல் இல்லை. அது காற்றினுள்ளே மிதந்து, காற்றோடு சேர்ந்தே நகர்கின்றது. வலிய காற்று அதனைத் தூக்குவதில்லை, கொண்டு செல்கின்றது. நூலறுந்த பட்டம் எங்கே போகுமோ அங்கேதான் கட்டுப்பாடிழந்த விமானமும் போகும்.

கடற்றொழிலாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. நீரோட்டத்தில் அகப்பட்ட வள்ளம் நீரோடு சேர்ந்து நகர்கின்றது. கரையிலுள்ளோர் கண்ணுக்கு அது விரைந்து ஓடுவதாகத் தோன்றலாம். ஆயினும் வள்ளத்தைச் சுற்றியுள்ள நீர் வள்ளத்தோடு ஒன்றாகவே செல்வதால் சுக்கான் பிடிக்காது. சுக்கானுக்கு வேண்டியது வள்ளத்துக்கும் கரைக்கும் இடையிலான வேகமன்று. வள்ளத்துக்கும் நீருக்கும் இடையிலான வேகமே. விமானத்தின் இறக்கைக்கும் அவ்வாறே காற்றுக்கு எதிரான வேகம் ஒன்றே கணக்கு.

இதனை அறியாமையால் வருவதே இரண்டாவது பிழை. ஒரு சிறு விமானம் காற்றினூடே மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பதாகவும், அதன் வேகம் 25 கிலோமீற்றருக்குக் குறைந்தால் இறக்கை தாங்காது எனவும் கொள்வோம். சோளகம் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகின்றது. காற்றை எதிர்த்துச் செல்லும்போது நிலத்தில் நிற்பவர் கண்ணுக்கு விமானம் 10 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்வதாகத் தோன்றும். அது திரும்பிக் காற்றோடு வரும்போது 70 கிலோமீற்றர் வேகத்திற் பாய்வதாகத் தோன்றும். உண்மையில் இரு நிலைகளிலும் இறக்கை உணரும் வேகம் 40 கிலோமீற்றரே. பழக்கமில்லாதவர் அப்பாய்ச்சலைக் கண்டு அஞ்சி மோட்டாரைத் தணிக்கின்றார். வேகம் 25 கிலோமீற்றருக்குக் கீழே இறங்குகின்றது. அப்பொழுதும் நிலத்திலிருந்து நோக்குவார்க்கு அது 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதாகவே தோன்றும். ஆயினும் இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்துவிட, விமானம் தலைகீழாகச் சாய்கின்றது.

அவ்வேளையில் செய்யப்படும் அடுத்த தவறு அழிவை முடித்துவைக்கின்றது. விழும் விமானத்தைத் தூக்க வேண்டுமென்று அதன் மூக்கை மேலே இழுப்பது மனித இயல்பு. மூக்கு உயர்ந்தால் வேகம் மேலும் குறையும். செய்யத்தக்கது இதற்கு மறுதலையானது: மூக்கைச் சிறிது தாழ்த்தி, மோட்டாரைக் கூட்டி, வேகம் மீண்ட பின்னரே நிமிர்த்துதல் வேண்டும். இதற்கு உயரம் தேவை. நிலத்துக்கு அண்மையிற் பறப்பதே பாதுகாப்பு என்பது புதியவர் எண்ணம். உண்மையில் உயரம்தான் பிழையைத் திருத்த அவகாசம் தருகின்றது.

மூன்றாவது பிழை, காற்றின் போக்கிலே தொலைவுக்கு விடுவது. முன்சொன்ன கணக்கையே மீண்டும் நோக்குக. காற்றோடு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு நிமிடம் சென்ற விமானம், காற்றை எதிர்த்து 10 கிலோமீற்றர் வேகத்தில் மீண்டு வர 7 நிமிடங்கள் செல்லும். சிறு பற்றரி தாங்குவதோ ஏறக்குறைய 10 நிமிடங்கள். மன்னார்த் தீவிலே இப்பிழைக்கு மன்னிப்பில்லை. சோளகம் பாக்கு விரிகுடாவை நோக்கித் தள்ளும். வாடை மன்னார்க் குடாவை நோக்கித் தள்ளும். எக்காற்றாயினும் முடிவு கடலே. ஆதலின், காற்று வரும் திசையிலேயே விமானத்தை வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மோட்டார் நின்றாலும் காற்று அதனை இயக்குபவரிடமே கொண்டுவரும். ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிர்முகமாகவே நிகழ்தல் வேண்டும். அப்பொழுதுதான் நிலத்தைத் தொடும் வேகம் குறையும்.

நான்காவது பிழை கைப்பழக்கம் பற்றியது. விமானம் இயக்குபவரை விட்டு அப்பாற் செல்லும்போது அதன் வலப்புறமும் அவர் வலப்புறமும் ஒன்றே. அது அவரை நோக்கித் திரும்பியவுடன் இடம் வலமாகின்றது. வலப்பக்கம் திருப்ப எண்ணிக் கோலை அசைத்தால் விமானம் அவர் கண்ணுக்கு இடப்பக்கம் சாய்கின்றது. அவர் பதறி மேலும் அசைக்கின்றார். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்து தோன்றுகின்றதோ, அந்தப் பக்கமே கோலைத் தள்ளுதல் வேண்டும். சரியும் வேலிக்கு முட்டுக் கொடுப்பது போல், தாழும் இறக்கைக்குக் கோலால் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் கை தடுமாறாது.

பறப்பதற்கு முன்னரே விளையும் பிழைகளும் உண்டு. அவற்றுட் பெரியது நிறையைச் சமன்செய்யாமை. நேரான இறக்கையுடைய பயிற்சி விமானத்தில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையிலே புவியீர்ப்பு மையம் அமைதல் வழக்கம். இரு விரல் நுனிகளில் அவ்விடத்தைத் தாங்கிப் பார்த்தால் விமானம் சமனாக நிற்க வேண்டும். மூக்குக் கனத்தால் விமானம் சோம்பிப் பறக்கும். வால் கனத்தாலோ அடக்கவே முடியாது. அடுத்து, முதலில் இயக்குகருவியையும் பின்னரே விமானத்தின் பற்றரியையும் இணைத்தல் வேண்டும். முடிக்கும்போது முறை மாற வேண்டும். இம்முறை தவறின் சுழலி எதிர்பாராது சுழன்று விரலை வெட்டக்கூடும். கோலைத் தன்பக்கம் இழுத்தால் வாலின் கிடைமடல் மேலெழுகின்றதா, வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலெழுகின்றதா என ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். இச்சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

லிதியம் பற்றரி தனிக் கவனத்துக்குரியது. அதன் ஒவ்வொரு கலமும் முழு மின்னேற்றத்தில் 4.2 வோற்று அளவுடையது. 3 வோற்றுக்குக் கீழே இறங்கினாற் கெட்டுவிடும். மன்னார் வெயிலிற் பூட்டிய வாகனத்துள் அதனை விட்டுவைத்தல் ஆகாது. உவர்நீரில் நனைந்த பற்றரி நேரம் கழித்தும் தீப்பற்றக்கூடும். அதனை வீட்டுக்குள் வையாது, எரியும் பொருள் எதுவுமற்ற வெளியிடத்தில் வைத்தல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் நேரும் இழப்பு பெரும்பாலும் உடையவர்க்கே. கடைசிப் பிழையோ பிறர்க்குத் தீங்கு தருவது: மாதிரி விமானத்தை விளையாட்டுப் பொருளென்றே கருதுதல். 1 கிலோகிராம் நிறையுள்ள விமானம் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால், அதே நிறையுள்ள பனம்பழம் ஏறக்குறைய 20 மீற்றர் உயரத்திலிருந்து தலையில் விழுந்ததற்கு ஒப்பாகும். பனையின் கீழ்ப் பாய் விரிப்பார் இலர். ஆதலின், மீன் காயவைக்கும் கரையிலும், தெருவோரத்திலும், மக்கள் கூடும் திடலிலும் பறக்கவிடுதல் தகாது. காற்றாலைகளை விட்டும் விலகி நிற்றல் வேண்டும்; அவற்றின் பின்னே காற்று நெடுந்தூரம் குழம்பி ஓடும்.

பறவைகளையும் நினைத்தல் வேண்டும். 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டில் ராம்சார் சாசனத்தின் கீழ்ச் சேர்க்கப்பட்ட வங்காலைப் பகுதிக்கு மாரிகாலத்தில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வருகின்றன. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கே உண்டு கொழுப்பைச் சேர்ப்பது மீள்பயணத்துக்காகவே. தலைக்குமேல் ஒரு பொறி வட்டமிட்டால் கூட்டம் முழுவதும் எழுந்து பறக்கும். சேர்த்துவைத்த வலு வீணாகும். சரணாலயங்களை அண்டாது விலகுவதே முறை. சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றது. ஆளில்லா வானூர்திகளுக்கென நாட்டிலே விதிகள் உள்ளன. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் அவற்றின் பறப்பு சில மாதங்கள் முற்றாகத் தடைசெய்யப்பட்டும் இருந்தது. எனவே, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் நடப்பு விதிகளைக் கேட்டறிந்து, வேண்டிய அனுமதியைப் பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும்.

அவ்வாறு தொடங்குவோர்க்கு ஏற்ற காலம் வாடை ஓய்ந்து சோளகம் எழாத பங்குனி, சித்திரை மாதங்களின் அதிகாலை. வெயில் ஏறினாற் கடற்காற்று எழும். பனையோலை அசையாத வேளையில், பழகியவர் ஒருவர் அருகில் நிற்க, அகன்ற வெளியிலே முதற் பறப்பு நிகழட்டும். காற்று எங்கிருந்து வருகின்றது, விமானம் நின்றால் எங்கே போகும் என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெரிந்த பின்னரே கை கோலைத் தொட வேண்டும். பாய் விரித்துக் கடலோடிய முன்னோரும் கரையை விடுமுன் இவற்றையே கேட்டறிந்தனர்.